குந்திப் பார்த்த பொறியாளர்

அரசாங்க அதிகாரி ஒருவர் நெடுஞ்சாலை ஓரத்தில் குந்தியிருந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஜீப்பில் இருந்து இறங்குவார்கள், இடுப்பில் கை வைத்து நிற்பார்கள், பக்கத்தில் இருப்பவர் நீட்டும் பைலில் எதையோ பார்ப்பார்கள், ஏறிப் போய்விடுவார்கள். இந்த அம்மாள் ஸ்கூட்டியில் வந்தார். வண்டியைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினார். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தார் ரோட்டின் விளிம்பில் அப்படியே குந்திவிட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கனத்த உடம்பு, கழுத்தில் அடையாள அட்டை, தலையில் ஒரு வெயில் தொப்பி.

டீக்கடையில் இருந்த நாங்கள் எழுந்து பார்த்தோம். கடைக்காரர் தண்ணீர் சொம்போடு ஓடினார்.

"மயக்கமாம்மா? சோடா ஒடைக்கட்டுமா?"

"ஒண்ணுமில்லிங்க. நீங்க கொஞ்சம் அந்தாண்ட தள்ளிக்குங்க. ரோடு மறைக்குது."

அவர் தள்ளிக்கொண்டார். அம்மாள் வலது பக்கம் எட்டிப் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்குக் கண்ணு இந்த ஒசரத்துலதாங்க இருக்கும். இங்கேருந்து பாத்தா லாரியே தெரியல. உங்க நிழற்குடை செவுருதான் தெரியுது."

அந்த நிழற்குடை எங்கள் தெருவின் பெருமை. அதைக் கேட்டு வாங்க எத்தனை பேரின் காலைச் சுற்றினோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். வந்த முதல் நாளே அதன் சுவரைக் குறை சொன்ன பெண்மணியை எனக்குப் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவது முழுக்க நன்றி.

அவர் பெயரை எழுதவில்லை. புதுச்சேரிக்காரர். எங்கள் ஊர் காரைக்காலுக்கு வடக்கே, வரிச்சிக்குடிக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றைத் தெரு. வீடுகள் ரோட்டுக்குக் கிழக்கே, வயலும் மாட்டுக் கொட்டகைகளும் மேற்கே. பால் கறக்க, சாணி அள்ள, நாற்றுப் பறிக்க, எதற்கும் ரோட்டைத் தாண்டியாக வேண்டும். ரோடு ஒடுக்கமாக இருந்தவரை வண்டிகள் எங்களுக்கு அடங்கிப் போயின. அகலப்படுத்தியபின் நாங்கள் வண்டிகளுக்கு அடங்கிப்போக வேண்டியதாயிற்று. தெற்கே கீழவாஞ்சூர் துறைமுகத்தில் இருந்து நிலக்கரி ஏற்றி வரும் லாரிகள் எங்கள் தெருமுனையில் வேகத்தைக் குறைப்பதே இல்லை. அந்த இடத்தைச் சரிசெய்யத்தான் சாலைப் பொறியாளரான இவரை அனுப்பியிருந்தார்கள்.

எதையும் மூன்று உயரத்தில் இருந்து பார்ப்பது அவருடைய குணம். நின்று பார்ப்பார். குந்திப் பார்ப்பார். பிறகு மேலே ஏறிப் பார்ப்பார். ஒரு நாள் நிலக்கரி லாரி ஒன்று எங்கள் டீக்கடையில் நின்றது. கதவைத் திறந்துகொண்டு டிரைவர் பக்கத்து சீட்டில் இருந்து இந்த அம்மாள் இறங்கினார். முகம், தொப்பி, புடவை எல்லாம் கரித்தூள். துறைமுக வாசலில் ஏறி, காரைக்கால் ஊருக்குள் புகுந்து, எங்கள் தெரு வரை வந்திருக்கிறார். டிரைவர் சேலம் பக்கத்து ஆள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு எங்களிடம் முறையிட்டார்.

"எத்தன கேள்வி கேக்கறாங்க தெரியுங்களா? இந்த மரம் எப்பத் தெரியுது, அந்தாளு எப்பத் தெரியறாரு, பிரேக்குல எப்பக் கால் வெப்பீங்கன்னு. வண்டி ஓட்டி இத்தன வருசத்துல என் பொண்டாட்டிகூட இப்படிக் கேட்டதில்லீங்க."

"கேட்டதுக்கு என்ன சொன்னீங்க?" என்றேன்.

"இந்த வளைவுல ஆளு தெரியும்போது நிறுத்த முடியாதுங்க. அதான் நெசம். ஹாரன்தான் அடிக்க முடியும்."

அம்மாள் முகத்தைக் கழுவிக்கொண்டே தலையாட்டினார். அவரிடம் ஒரு கேள்வி எப்போதும் தயாராக இருக்கும். யாராவது, "நாங்கள்லாம் பாத்துத்தாம்மா தாண்டுறோம்" என்றால், "நீங்க அவரப் பாக்குறீங்க, சரி. அவரு உங்களப் பாக்குறாரா?" என்பார். இந்தக் கேள்வி எங்கள் தெருவில் நன்றாக அடிபட்டது. பஸ்ஸில் வரும் பெண்ணைப் பார்க்க தினமும் முனையில் நின்ற ஒரு பையனிடம் கடைக்காரர் இதையே கேட்டுவிட்டார். அவன் ஒரு வாரம் டீக்கடைப் பக்கம் வரவில்லை.

அறுவடை நேரத்தில் ஒரு நாள் வந்தார். ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருந்தோம். நெல்லைச் சுற்றி, வண்டி ஏறாமல் இருக்க, வரிசையாகக் கருங்கல். எங்கள் பக்கத்தில் எல்லா ஊரிலும் இப்படித்தான். இன்றைக்குப் போலீசோடு வந்திருப்பார் என்று நினைத்தோம். அவர் வழக்கம்போலக் குந்தினார். நெல்லை ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"இன்னும் காயணும்போலயே. எப்ப அள்ளுவீங்க?"

"நாளைக்கு மத்தியானம் அள்ளிடுவோம்மா."

"கல்ல?"

கல்லை யார் அள்ளுவார்கள்? நெல் வீட்டுக்குப் போகும். கல் அங்கேயே கிடக்கும், அடுத்த போகத்துக்கு ஆகும் என்று. மங்கலான வெளிச்சத்தில் எத்தனை பைக்குகள் அதில் ஏறிச் சாய்ந்திருக்கின்றன என்பதும் எங்களுக்குத் தெரியும். சாய்ந்தவனை நாங்களே தூக்கி விடுவோம், டீ வாங்கிக் கொடுப்போம், ஆனால் கல்லை எடுக்க மாட்டோம். இதில் என்ன புத்தி என்று கேட்டால் எனக்கும் தெரியாது.

"யூரியா சாக்கு இருந்தா கொண்டாங்க" என்றார். சாக்கில் வைக்கோலை அடைத்துக் கட்டி, கல் இருந்த இடத்தில் வைக்கச் சொன்னார். "வண்டிக்காரருக்குக் கல்லவிட இது நல்லாத் தெரியும். தெரியாம வந்து இடிச்சாலும் வைக்கோல்தானே." நெல்லை எடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றுதான் தெருப் பெண்கள் அவர் கட்சிக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை.

எனக்கு அவர்மேல் கோபம் தீராததற்குக் காரணம் அவர் போட்ட திட்டம். பஸ் நிறுத்தத்தை இருநூறு அடி தெற்கே தள்ளவேண்டும் என்றார். அப்போதுதான் இறங்கும் ஆட்கள் பஸ்ஸுக்கு முன்னால் பாயாமல் பின்னால் வந்து கடப்பார்கள் என்றார். அதுகூடப் போகட்டும். ரோட்டின் நடுவில் ஒரு திட்டு கட்டப்போவதாகச் சொன்னார். பாதி ரோட்டைத் தாண்டி அதில் நிற்கவேண்டுமாம். பிறகு மீதிப் பாதியைத் தாண்டவேண்டுமாம். நடுரோட்டில் நிற்காதே என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிற ஊரில், நடுரோட்டில் நிற்கச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். மனு எழுதுவதில் எங்கள் வட்டாரத்தில் எனக்கு ஒரு பேர் உண்டு. 'பொதுமக்களை நடுரோட்டில் நிறுத்தும் இத்திட்டத்தைக் கைவிடக் கோரி' என்று தொடங்கி நான்கு பக்கம் எழுதினேன். காலையில் பால் கறக்கப் போகிறவர்கள் யார் யார், எந்த இடத்தில் கடக்கிறார்கள், கல்லூரிப் பிள்ளைகள் எப்போது, நடவு ஆட்கள் எப்போது என்று ஒன்று விடாமல் பட்டியல் போட்டேன். தெருவே கையெழுத்துப் போட்டது. மேலிடத்துக்கு அனுப்பினோம்.

பத்து நாளில் அம்மாள் அந்த மனுவின் நகலோடு என் வீட்டு வாசலில் நின்றார்.

"இத எழுதுனது நீங்கதானாம். பிரமாதமா எழுதியிருக்கீங்க சார். யாரு எங்க கடக்குறாங்கன்னு நான் மூணு நாள் நின்னு எண்ணுனேன். எனக்கு இதுல பாதிகூடக் கிடைக்கல. இந்த வரைபடத்துல கொஞ்சம் குறிச்சுக் குடுங்களேன்."

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. பேனாவைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தார். எதிர்த்து எழுதிய மனுவை வைத்தே என்னை வேலை வாங்கிய ஒரே அதிகாரி அவர்தான். குறித்துக் கொடுத்தேன். முடித்ததும் பேனாவை மூடியபடி மெதுவாகக் கேட்டார்.

"சார், காலையில பச்சைப் புடவையில தூக்குவாளியோட கடந்தாங்களே, அவங்க உங்க அக்காவா?"

"ஆமாம்மா."

"காது கேக்காதுங்களா?"

அக்காவுக்கு ஏழு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. கல்யாணம் ஆகவில்லை. எங்களோடுதான் இருக்கிறாள். எங்கள் வீட்டு இரண்டு மாடும் அவள் பொறுப்பு. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை ரோட்டைத் தாண்டுவாள். அவள் கொஞ்சம் உரக்கப் பேசுவாளே தவிர, புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெருவில் யாரும் அதை வெளி ஆளிடம் சொல்லவும் மாட்டார்கள்.

"யாரும்மா சொன்னா?" என்றேன்.

"யாரும் சொல்லலைங்க. அவங்க ரோட்டப் பாக்கவே இல்ல. பக்கத்துல நிக்கிறவங்க காலத்தான் பாக்குறாங்க. அந்தக் கால் நகந்தா இவங்களும் நகருறாங்க." வரைபடத்தை மடித்தபடி சொன்னார்: "காலையில நீங்க கடக்க நின்னீங்க. போன் வந்துச்சுன்னு ஒரு அடி வச்சுட்டுத் திரும்பிட்டீங்க. அவங்க ரெண்டு அடி உள்ள போயிட்டாங்க சார்."

ஐம்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். ஒரே சட்டியில் சாப்பிடுகிறேன். அக்கா தினமும் என் காலையும் அடுத்தவர் காலையும் நம்பித்தான் உயிரோடு இருக்கிறாள் என்பதை, மூன்று நாள் ரோட்டோரம் குந்தியிருந்த ஒருத்தர் வந்து எனக்குச் சொல்லவேண்டியிருந்தது. நாங்கள் எல்லோரும் காதால் ரோட்டைத் தாண்டுகிறவர்கள். ஹாரன் கேட்டால் நிற்போம், கேட்காவிட்டால் நடப்போம். அவள் எப்படித் தாண்டுகிறாள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

"திட்டுல நின்னா ஒரு நேரத்துல ஒரு பக்கம் பாத்தாப் போதும்" என்றார். "உடனே கட்ட வேணாம். ஒரு வாரம் மணல் மூட்டைய அடுக்கிப் பாப்போம். ஆனா அந்த ஒரு வாரமும் நீங்க உங்க அக்கா கண்ணுல படக்கூடாது."

மணல் மூட்டைகளும் பெயின்ட் அடித்த டிரம்களும் வந்தன. நான் லீவு போட்டுவிட்டு டீக்கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அக்கா தூக்குவாளியோடு வந்தாள். பழக்கப்படி யார் காலையோ தேடினாள். ஒரு காலும் இல்லை, தெரு ஆட்கள் எல்லோரையும் அம்மாள் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தார். அம்மாள் அவள் முன்னால் போய், ஒரு கையால் வலது பக்கத்தைக் காட்டினார், திட்டைக் காட்டினார், நில் என்று சைகை செய்தார், பிறகு இடது பக்கத்தைக் காட்டினார். அவ்வளவுதான். பிறகு அவள் கண்ணில் படாமல் பின்னால் வந்து நின்றுகொண்டார். அக்கா வெகுநேரம் நின்றாள். திடீரென்று இறங்கி, நடந்து, திட்டில் ஏறி நின்றாள். தெருவே கத்தியது. "ஏய், நடுரோட்டுல நிக்காத! வந்துரு, வந்துரு!" அவளுக்கு என்ன கேட்கப் போகிறது? இரண்டு பக்கமும் வண்டிகள் பறக்க, தேர் பார்க்க வந்தவள்போல நிதானமாக நின்றாள். இடது பக்கம் பார்த்தாள், மீதிப் பாதியைத் தாண்டிப் போய்விட்டாள்.

கறந்துவிட்டுத் திரும்பியதும், தெரு முழுக்கக் கேட்கும்படி என்னிடம் சொன்னாள்: "டேய் தம்பி, அந்தத் திட்டுல நின்னா ஒரு பக்கம் பாத்தாப் போதும்டா. இத முன்னாடியே கட்டித் தொலைக்கிறதுக்கென்ன?"

அடுத்த மாதமே திட்டைக் கட்டினார்கள். பஸ் நிறுத்தமும் தள்ளிப் போனது. முதல் ஒரு மாதம் முணுமுணுத்தோம், பிறகு அது எப்போதும் அங்கே இருந்ததுபோல ஆகிவிட்டது. ரோட்டின் நடுவில் ஆள் நிற்கக் கட்டிய இடத்தை எங்கள் ஊர் சும்மா விடுமா? முதலில் ஒரு கட்சிக் கொடி நட்டார்கள். பிறகு கோயில் திருவிழாத் தட்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் அம்மாள் ஸ்கூட்டியில் வந்து, கெஞ்சி, சண்டை போட்டு எடுக்க வைத்தார். நானும் அவர் பக்கம் நின்று நியாயம் பேசினேன். அதற்குள் நான் அவர் கட்சி ஆகிவிட்டிருந்தேன்.

அந்த நான்தான் என் மகள் கல்யாணத்துக்கு அதே திட்டில் பேனர் கட்டினேன்.

மைத்துனர்கள் ஆசைப்பட்டார்கள். தெருவுக்குள் திரும்பும் இடம், எல்லார் கண்ணிலும் படும் என்றார்கள். ஒரு நாள் கூத்துதானே என்று நானும் தலையாட்டினேன். திட்டின் தெற்கு ஓரத்தில் இரண்டு சவுக்குக் கம்பு, நடுவே ஆள் உயரத்துக்கு பிளெக்ஸ். பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில், சுற்றிலும் உறவுக் கூட்டம். மேலே ஒரு வட்டத்தில் அக்கா, 'அன்பு அத்தை' என்று.

முகூர்த்தம் முடிந்து, கடைசிப் பந்தி நடக்கும் நேரத்தில் அம்மாள் வந்தார். பட்டுப் புடவை கட்டியிருந்தார், ஆனால் முழங்காலுக்குக் கீழே மண். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பேனருக்குப் பின்னால் குந்திப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். பரிசுப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார்.

"படத்துல உங்க அக்கா அழகா இருக்காங்க சார். அந்தப் படத்துக்குப் பின்னாடி நின்னா அவங்க யாருக்கும் தெரியல. அவங்களுக்கும் லாரி தெரியாது."

சம்பந்தி பக்கத்தில் நிற்கிறார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "நாளைக்குக் காலையில முதல் வேலையா எடுத்துடுறேம்மா" என்றேன்.

"சரிங்க" என்றார். பிறகு, "அக்கா இன்னிக்குச் சாயங்காலம் பால் கறக்க மாட்டாங்களா?"

மணியைப் பார்த்தேன். மூன்று ஆகப்போகிறது. கல்யாணம் என்று மாட்டுக்குத் தெரியுமா? அக்கா எங்கே என்று தேடினேன். கொல்லைப்புறத்தில் பட்டுப் புடவையை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் சமையல்காரரிடம் ஒரு கத்தியை வாங்கிக்கொண்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். "பொண்ணு மாப்பிள்ளை படத்த அன்னிக்கே அறுக்குறதா? அபசகுனம்!" என்று பின்னால் குரல் வந்தது. அம்மாள் என் கூடவே வந்தார். நான் கயிற்றை அறுத்தேன், அவர் கம்பைப் பிடித்துக்கொண்டார். இருவரும் பிளெக்ஸைத் தூக்கிக்கொண்டு மேற்கே கொட்டகைப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். அவர் எனக்கு முதுகைக் காட்டிக் குந்தி, அதைச் சுருட்ட ஆரம்பித்தார்.

எங்கள் வீட்டுப் பந்தலில் கட்டியிருந்த இரண்டு குழாய் ஸ்பீக்கர்களும் ரோட்டைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அக்கா வாளியோடு முதல் பாதியைத் தாண்டித் திட்டில் நின்றுகொண்டிருந்தாள். நான் கையைத் தூக்கி, வா என்று காட்டினேன். ரோட்டைப் பார்த்துவிட்டுக் காட்டவில்லை. ஐம்பது வருஷப் பழக்கத்தில் காட்டினேன்.

அக்கா வரவில்லை. உள்ளங்கையை என் பக்கம் நீட்டி, அப்படியே நில் என்று காட்டினாள். அவள் முகம் தெற்கே திரும்பியிருந்தது. அடுத்த நொடி நிலக்கரி லாரி ஒன்று எங்கள் இருவருக்கும் நடுவே போயிற்று. அதன் காற்றில் என் வேட்டி முழங்காலில் அடித்துக்கொண்டது. லாரி போனபின் அவள் இன்னொரு தடவை தெற்கே பார்த்துவிட்டு, நிதானமாகத் தாண்டி என்னிடம் வந்தாள்.

"ஒனக்குக் கண்ணு தெரியலையாடா?" என்று கத்திவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டாள்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாள் அப்போதுதான் திரும்பினார்.

"என்ன சார்? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

அவருக்கு இன்றுவரை அது தெரியாது. சில மாதங்களில் ஏனாமுக்கு மாற்றல் வந்துவிட்டது. புதுச்சேரி அரசாங்கத்தில் வேலை என்றால் ஆந்திரத்துக்கு நடுவே இருக்கும் அந்த ஊருக்கும் போய்த்தான் ஆகவேண்டும். பொங்கலுக்குப் போன் செய்கிறேன், அக்காவைக் கேட்பார், நன்றாக இருக்கிறாள் என்பேன். அதற்கு மேல் சொல்ல என் வாய் எழுவதில்லை. இதைப் படித்துத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மா, அன்று நான் கூப்பிட்டு அவள் வந்திருந்தால் அவள் இல்லை.

அன்று எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம், "சாப்பிடாமப் போகக்கூடாதும்மா" என்பதுதான். அக்கா கறந்துவிட்டு வரட்டும் என்று அவர் காத்திருந்தார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து நானே பரிமாறினேன். பெண்ணைப் பெற்றவன் சம்பந்தியைக் கவனிக்காமல் இரண்டு இலைக்கு முன்னால் நிற்கிறானே என்று பேசினார்களாம். பேசட்டும். பாயசம் ஊற்றப் போனபோது அம்மாள், "போதும் சார், சர்க்கரை இருக்கு" என்று இலைக்கு மேல் கையை விரித்து மறைத்தார். அக்காவுக்கு அது கேட்கவா போகிறது? அந்தக் கையைப் பிடித்து விலக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஊற்றுடா என்று என்னைப் பார்த்தாள். ஊற்றினேன்.